ரோபோ அறுவை சிகிச்சை: யார் பெயரில் புகார் எழுதுவது?

ரோபோ மூலம் கர்ப்பப்பையை அகற்றியபோது என் அக்காவின் சிறுநீர்க்குழாய் காயப்பட்டது. மறுபடியும் அறுவை, ஸ்டென்ட், வலி. ராயபுரத்திலிருந்து கொண்டு இதற்குக் குற்றவியல் புகார் கொடுக்கப் போனால் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

காவல் நிலைய எழுத்தர் மனுவைப் புரட்டிவிட்டு, "தம்பி, மெஷினை எப்படிக் கைது செய்வது?" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கேள்வி என்னவோ சரிதான். ரோபோ தானாக வெட்டுவதில்லை. கன்சோலில், அதாவது ரோபோவை இயக்கும் மேசையில், அமர்ந்த மருத்துவரின் கையசைவைத்தான் செய்கிறது. நோயாளியின் அருகே கருவியை மாற்றித் தரும் உதவி மருத்துவர் வேறொருவர். எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ பெரிய மருத்துவர் ஒருவரின் பெயர் மட்டுமே இருந்தது.

மருத்துவமனை அலுவலகத்தில் முழுக் கோப்பைக் கேட்டால், "அதுதான் சம்மரி கொடுத்துவிட்டோமே" என்று ஒரே பாட்டு. கடிதத்தை வாங்கினாலும் முத்திரை போட மறுத்தார்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்ற மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். கோப்பு வந்தது. மயக்க மருந்துத் தாளின் ஓரத்தில், நீல மையில், 'கன்சோல் மாற்றம்' என்று நேரத்தோடு ஒரு குறிப்பு. கீழே வேறொருவரின் சுருக்கொப்பம். நடுவில் ஆள் மாறியிருக்கிறார்! நாங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் அந்த இரண்டாவது பெயரே இல்லை.

அடுத்த முட்டுக்கட்டை, மீண்டும் காவல் நிலையத்தில்: "மருத்துவர் மீது உடனே எஃப்.ஐ.ஆர். போட முடியாது." 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. சாதாரணக் கவனக்குறைவு போதாது, கடுமையான அலட்சியம் வேண்டும். காவல்துறை முதலில் அரசு மருத்துவர் போன்ற சார்பற்றவரிடம் கருத்துக் கேட்க வேண்டும். மனுவை வாங்காதே என்று அதில் எங்கும் இல்லை. வழக்கறிஞர் உடன் வந்த அன்று மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

போகிறவர்கள் கவனிக்க: உயிரிழப்பு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106, கொடுங்காயம் என்றால் 125(பி). கடும் வலியைக் கொடுங்காயமாகக் கொள்ளப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 20 நாள் வேண்டும், இப்போது 15 நாள். ஆகவே படுக்கையில் கிடந்த நாட்களுக்குச் சீட்டு வேண்டும். ரோபோவின் பதிவுத் தரவை அழிக்காமல் வைக்கும்படி தனிக் கடிதம் கொடுங்கள். கருவிக் கோளாறு என்று பிற்பாடு கைகழுவப் பார்த்தால் அதுதான் பதில் சொல்லும்.

எங்கள் கோப்பு இப்போது அரசு மருத்துவர் குழுவிடம் இருக்கிறது. சுருக்கொப்பம் உள்ள அந்தத் தாளை மேலே வைத்துத்தான் அனுப்பச் சொன்னேன்.