சரஸ்வதியின் வெள்ளைப் புடவையும் பெருமாளின் கருங்கல் முகமும்

ஒரே ஷீட்டில் வெள்ளைப் புடவைச் சரஸ்வதியையும் கருங்கல் மூலவர் பெருமாளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அச்சடித்துப் பாருங்கள், ஆஃப்செட் அச்சுக்கு எதெல்லாம் சுலபத்தில் வராது என்று மொத்தமும் தெரிந்துவிடும். சிவகாசியில் காலண்டர் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் வெளியாக வேண்டும், அதற்கு முந்தைய வாரங்களில் டிசைன் டேபிளுக்கும் மிஷினுக்கும் நடக்கிற சண்டையில் பாதி இதைப் பற்றித்தான். புடவையில் மடிப்பே இல்லை, வெறும் பேப்பர் தெரிகிறது. பெருமாளுக்கு மூக்கு எங்கே, கன்னம் எங்கே என்று தெரியவில்லை. மிஷின்காரர் இங்க்கைக் கூட்டினால் புடவை கொஞ்சம் தேறும், பெருமாள் இன்னும் மூழ்குவார். குறைத்தால் அப்படியே தலைகீழ்.

இந்தச் சண்டையை மிஷினில் தீர்க்கவே முடியாது என்பது என் கட்சி. பிளேட் (படத்தை அச்சுக்கு ஏற்றும் தகடு) எடுப்பதற்கு முன்னால், ஃபைலிலேயே தீர்க்க வேண்டும்.

ஆஃப்செட்டுக்கு இளநீலம், இளம்சிவப்பு எல்லாம் தெரியாது. பிளேட்டில் ஓர் இடம் இங்க் பிடிக்கும், இல்லையென்றால் பிடிக்காது, அவ்வளவுதான். இளநீலம் வேண்டுமானால் அழுத்தமான சயான் (நீல) இங்க்கையே பொடிப்பொடி டாட்டாக, அதாவது புள்ளியாக, வைத்துக் கண்ணை ஏமாற்றுகிறோம். 150 லைன் ஸ்கிரீனில், அதாவது அங்குலத்துக்கு 150 வரிசை டாட்டில், 2 சதவீத டின்ட் (பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டும் இங்க்) என்றால் ஒரு டாட்டின் விட்டம் சுமார் 27 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் பாதிகூடக் கிடையாது. அத்தனை சின்னது பிளேட்டில் பதிந்து, மிஷினில் பிளேட்டை நனைக்கிற தண்ணீரில் அடிபடாமல் தப்பித்து, பிளாங்கெட் என்கிற ரப்பர் விரிப்புக்கு மாறி, அங்கிருந்து பேப்பரில் போய் உட்கார வேண்டும். ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டிப் பிளேட் எடுத்த காலத்தில், பாசிட்டிவ் பிளேட்டில் ஓரமாகக் கசிகிற வெளிச்சமே இந்த டாட்டுகளைத் தின்றுவிடும். இப்போது சிடிபி (ஃபிலிம் இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட்) வந்த பிறகு 1, 2 சதவீதம்கூடப் பிளேட்டில் நிற்கிறது, சரி, ஆனால் பிளேட்டில் நிற்பது வேறு, ஆயிரக்கணக்கான ஷீட்டில் ஒரே மாதிரி விழுவது வேறு. ஆஃப்செட்டுக்கான ஐஎஸ்ஓ 12647-2 சர்வதேசத் தரமே 3 முதல் 97 சதவீதம் வரைதான் சீராக வர வேண்டும் என்று கேட்கிறது. ரன் நீளநீளப் பிளேட் தேயும்போது முதலில் காணாமல் போவதும் இந்தப் பொடி டாட்டுகள்தான்.

'குவாலிட்டி வேணும், 175 லைன் போடுங்க' என்று பார்ட்டி சொல்வார். போடலாம். அதே 2 சதவீதம் அங்கே 23 மைக்ரான் ஆகிவிடும், புடவை இன்னும் சீக்கிரம் பறக்கும்.

மொத்தமாக மறைந்தால்கூடப் பரவாயில்லை. நிஜமான தொல்லை, ஒரு கலர் மட்டும் மறைவது. புடவையின் நிழலில் சயான் 3, மஜந்தா (ஊதாச்சிவப்பு) 2, மஞ்சள் 2 சதவீதம் என்று சாம்பல் வைத்திருப்போம். அதில் சயான் மட்டும் நழுவினால் வெள்ளைப் புடவை ரோஸ் புடவை ஆகிவிடும், எல்லோரும் மிஷின்காரரைத் திட்டுவார்கள். அப்புறம், வினெட், அதாவது நிறம் படிப்படியாகப் பூஜ்யத்துக்கு இறங்குகிற இடம். டாட் செத்துப் போகிற இடத்தில் கத்தியால் வெட்டினது போல ஒரு கோடு விழும். அதைப் பூஜ்யத்துக்கு விடாமல் 3, 4 சதவீதத்தோடு நிறுத்திப் படத்தின் ஓரம் வரை கொண்டுபோய்விடுவது நல்லது. புடவைத் துணியிலும் அப்படியே, எவ்வளவு வெளுப்பான இடமாக இருந்தாலும் 4, 5 சதவீதம் இருக்கட்டும். கிரீடத்தில் கல் மின்னுகிற புள்ளி, வீணையில் பளபளப்பு, இங்கெல்லாம் மட்டும் பேப்பர் வெள்ளையை விடலாம்.

இனி பெருமாள். டாட் எப்போதும் பேப்பரில் கொஞ்சம் பருக்கும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில், ஃபைலில் வைத்த 50 சதவீதம் 65-ஐ ஒட்டி வந்து நிற்கும். இருட்டான இடத்தில் டாட்டுக்கு நடுவே மிச்சமிருக்கிற வெள்ளை ஓட்டைதான் உருவத்தைக் காட்டுகிறது, 95 சதவீதத்துக்கு மேல் அது அடைத்துக்கொள்ளும். அதனால் முகத்தின் விவரமெல்லாம் 65-க்கும் 88-க்கும் நடுவில் இருக்கும்படி ஃபைலில் கர்வை (வெளிச்சம், இருட்டு அளவைச் சரிசெய்யும் கோட்டை) இழுத்துவிட்டு, 95-க்கு மேல் இருப்பதெல்லாம் வெறும் பின்னணி என்று விட்டுவிட வேண்டும். திரையில் பார்க்க அது வெளிறித்தான் தெரியும், பயப்பட வேண்டாம்.

இருட்டு வேண்டுமென்று நாலு கலரையும் அள்ளிக் கொட்டுகிற பழக்கம் இருக்கிறதே, எனக்கு அதில்தான் கோபம். ஒரே இடத்தில் நாலின் சதவீதத்தையும் கூட்டி 360, 380 வந்தால் ஷீட் காயாது, அடுக்கில் மேல் ஷீட்டின் முதுகில் ஒட்டும், ஒட்டாமலிருக்கப் பவுடரை அதிகமாக அடித்தால் கறுப்பு சொரசொரவென்று சாம்பல் பூத்துவிடும். ஆர்ட் பேப்பருக்கு 300-ஐ ஒட்டி நிறுத்தி, சயான், மஜந்தா, மஞ்சளைக் குறைத்துக் கறுப்பைக் கூட்டினால் இங்க்கும் மிச்சம், சாம்பல் நிறமும் இங்கே அங்கே சாயாது. நியூஸ்பிரின்ட் என்றால் 240-ஐத் தாண்டவே கூடாது.

பெரிய கறுப்புப் பின்னணிக்கு 92, 94 சதவீதம் என்று வைக்காதீர்கள், திட்டுத்திட்டாக வரும். ஒன்று 85-க்குக் கீழே வாருங்கள், இல்லை சாலிடாகவே, டாட் இல்லாமல் முழு இங்க்காக, போடுங்கள். வெறும் 100 கறுப்பு பெரிய பரப்பில் கொஞ்சம் பழுப்பாக, வெளுத்தாற்போல் இருக்கும். அடியில் 40 சயான் கொடுத்தால் ஆழம் வந்துவிடும். தேதித் தாளின் பொடி எழுத்துக்கு மட்டும் அதைச் செய்யக் கூடாது, ரிஜிஸ்டர் (கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நீலம் எட்டிப் பார்க்கும்.

முழுப் பரப்புக்கும் ஒரே மென்மையான கிரீம் வேண்டும், கல்யாணப் பத்திரிகை மாதிரி, என்றால் டாட்டே வேண்டாம். டிரான்ஸ்பரன்ட் ஒயிட் என்கிற நிறமில்லாத இங்க்கில் துளி மஞ்சளும் துளி சிவப்பும் குழைத்துத் தனிக் கலராக சாலிட் அடித்துவிடலாம். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் புள்ளி தெரியாது. ரோலரைச் சுத்தமாகக் கழுவ வேண்டும், முந்தின வேலையின் கறுப்பு ஒரு பொட்டு மிஞ்சினாலும் கிரீம் அழுக்காகிவிடும். இந்தத் துளிக் கலர்கள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்பதால் ஒரு வருடம் சுவரில் தொங்குகிற காலண்டருக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

இன்னொன்று, அச்சுக்கு முன்னால் பார்ட்டிக்குக் காட்டுகிற மாதிரிப் பிரதி, அதாவது இங்க்ஜெட் புரூஃப். பளபள தாளில் அது 1 சதவீதத்தையும் அழகாகக் காட்டும், பார்ட்டியும் அதில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்த நேரத்தில் ஃபைலைத் திறந்து 3-க்குக் கீழே எங்கெங்கே இருக்கிறது, நாலு கலரின் கூட்டுத்தொகை எங்கே 300-ஐத் தாண்டுகிறது என்று எண்களைக் காட்டிப் பேசிவிடுங்கள்.