கம்பத்து நம்பர் எங்கேடா?

அக்கா மகன் நேற்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு மனு அனுப்பியிருந்தான். "சித்தி, மாநகராட்சியில கொடுக்கணும். கொஞ்சம் பாத்துத் தாங்க." ஒன்றரைப் பக்கம். "தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவர விரும்புவது யாதெனில்" என்று ஆரம்பிக்கிறது. தெருவிளக்கு என்ற சொல் வருவதற்குள் என் காபி ஆறிவிட்டது.

எனக்கு இதில் கைப்பழக்கம் உண்டு. பாளையங்கோட்டையில் ஒரு விளம்பர புக்கிங் கடையில் 11 வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். பத்திரிகைகளுக்கு வரி விளம்பரம் எழுதி வாங்கி அனுப்பும் வேலை. முதல் சில சொற்களுக்கு ஒரு கட்டணம், அதற்கு மேல் சொல்லுக்குச் சொல் காசு. அதனால் வருகிற எல்லோரும் பேப்பரை நீட்டும்போதே "எப்படியாவது குறைச்சிருங்கம்மா" என்பார்கள்.

"எங்களுக்குச் சொந்தமான வீடு ஒன்று வாடகைக்கு விடப்பட உள்ளது." அடுத்தவர் வீட்டையா வாடகைக்கு விடப் போகிறார்? "வீடு வாடகைக்கு", முடிந்தது. "விருப்பம் உள்ளவர்கள் கீழ்க்கண்ட தொலைபேசி எண்ணில் தொடர்பு கொள்ளவும்." முழுதாக ஏழு சொல். விருப்பம் இல்லாதவர் எதற்குப் போன் போடுகிறார்? நம்பரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவேன்.

சிலர் கெட்டிக்காரர்கள். "இருபடுக்கையறைவீடுவாடகைக்கு" என்று ஒட்டி எழுதிக்கொண்டு வந்து, ஒரு சொல் தானே என்பார்கள். தமிழில் அப்படி ஒட்ட முடிகிறதே, அதுதான் வம்பு. ஒரு தமிழ் வாத்தியார் புணர்ச்சி விதியெல்லாம் சொல்லி என்னிடம் ஜெயித்தும் இருக்கிறார். படிக்கிறவருக்கு மூச்சு வாங்குவது அவர் கணக்கில் வரவில்லை.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு இதைத் தந்தி கற்றுக்கொடுத்தது. "ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி." நாலே சொல். வாங்கியவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். 2013 ஜூலையில் தந்தியையே நிறுத்திவிட்டார்கள்.

நான் வெட்டிக் கெடுத்த கதையும் உண்டு. ஒருவர் "மாடி போர்ஷன் வாடகைக்கு" என்று எழுதி வந்திருந்தார். காசு குறையட்டும் என்று "மாடி"யை அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு வயதான தம்பதி, மூட்டுவலியோடு மாடிப்படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வீட்டுக்காரர் கடைக்கு வந்து போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நன்னூலில் பத்துக் குற்றம் என்று ஒரு பட்டியல் வரும். அதில் "மிகைபடக் கூறல்" இரண்டாவதுதான், முதலில் நிற்பது "குன்றக் கூறல்", வேண்டியதைக்கூடச் சொல்லாமல் குறைப்பது. அதை எழுதிய பவணந்தி முனிவரும் எங்கோ ஒரு மாடி வீட்டில் மாட்டியிருப்பார்போல.

எதை விட்டுவைப்பது என்பதை எனக்குக் காட்டியது ஒரு நினைவஞ்சலி. அது பெட்டி விளம்பரம், சென்டிமீட்டர் கணக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்திருந்தார்கள். அம்மாவின் முதலாம் ஆண்டு. "பாசத்தின் பிறப்பிடமே, பண்பின் உறைவிடமே, எங்களை ஆளாக்கிய தெய்வமே" என்று எட்டு வரி. நடுவில் ஓரிடத்தில் "மார்க்கெட் இட்லிக் கடை" என்று இருந்தது. இடம் கூடுகிறது, காசு கூடுகிறது என்றதும் தம்பி முதலில் கை வைத்தது அதில்தான். அவருக்கு பேங்க் வேலை. "அதெல்லாம் எதுக்கு, எடுத்திருங்க" என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்தார்.

"அண்ணாச்சி, தெய்வமேன்னு வாரத்துக்கு நாலு பேருக்குப் போடுதோம். இட்லிக் கடை உங்க அம்மாவுக்கு மட்டும்தான" என்றேன்.

கடைசியில் போட்டோ, பெயர், மார்க்கெட் இட்லிக் கடை, தேதி, பிள்ளைகள் பெயர், அவ்வளவுதான் அச்சில் வந்தது. ஒரு மாதம் கழித்து அண்ணன் கடைப்பக்கம் வந்தார். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாழைக்காய் வியாபாரி வீடு தேடி வந்து, பழைய இட்லி பாக்கி என்று 40 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனாராம். தம்பி வாங்க மாட்டேன் என்றிருக்கிறார். இவர் வாங்கிக்கொண்டாராம்.

சரி, மனுவுக்கு வருகிறேன். "மேலான", "பணிவுடன்", "யாதெனில்", "பொதுமக்களாகிய நாங்கள் சொல்லொணாத் துயரத்திற்கு ஆளாகி வருகிறோம் என்பதை" என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனேன். மாநகராட்சிக்கு மரியாதை வேண்டும்தான். "ஐயா" ஒன்றை விட்டுவைத்தேன். மிச்சம் நின்றது ஒரே வரி: "எங்கள் தெருவில் மூன்று மாதமாக விளக்கு எரியவில்லை."

எந்தத் தெரு? எத்தனாவது வார்டு? எந்தக் கம்பம்? எதுவும் இல்லை. ஒன்றரைப் பக்கமாக இருந்தபோது இதெல்லாம் இல்லாதது எனக்கே உறைக்கவில்லை. அத்தனை பணிவுக்கு நடுவில் எல்லாம் இருப்பதுபோலத்தான் தோன்றியது.

உடனே போன் போட்டேன்.

"கம்பத்து நம்பர் எங்கேடா?"

"அதெல்லாம் போடணுமா சித்தி?"

"லைன்மேன் உன் பணிவைப் பார்த்தா வருவார்? போய்ப் பாத்து அனுப்பு."

கால் மணி நேரத்தில் ஒரு போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரே இருட்டு. விளக்குதான் எரியவில்லையே. டார்ச்சோடு திரும்பப் போயிருக்கிறான்.