ஈரக் கொட்டைக்கு முன்பணம்

சிங்கப்பூர் ஷென்டன் வேயில் இருந்த ஒரு பண்ட வணிக நிறுவனத்தின் கடன் பிரிவில் சேர்ந்த புதிது. சுமத்ராவின் காயோ மலைப்பகுதியில் இருக்கும் ஒரு காப்பி விவசாயிகள் கூட்டுறவு, அறுவடைக்கு முன்பணம் கேட்டிருந்தது. சொத்து என்று காட்டியது ஒரு வாடகைக் கிடங்கும் பழைய லாரியும். அடமானம் இல்லை என்று எழுதி அரை மணி நேரத்தில் கோப்பை மூடினேன். வேகமாக வேலை பார்க்கிறோம் என்ற பெருமை வேறு.

பிரிவில் மூத்தவர் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். மறுநாள் அந்தக் கோப்பை என் மேசையில் திரும்ப வைத்தார். "தம்பி, காப்பி வாங்குறவங்க போட்ட ஒப்பந்தம் பின்னாடி இருக்கே, பாத்தீங்களா?"

"இல்லண்ணே."

பார்த்தேன். அப்புறம்தான் அவர்களுடைய சிக்கல் புரிந்தது. அவர்களுக்கு வருமானம் உண்டு, ஆனால் தாமதமாக வரும். கப்பல் ஏறி, ஆவணங்கள் கைமாறி, பணம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். விவசாயிக்கோ கொட்டையைக் கொடுத்த அன்றே காசு வேண்டும். அந்தப் பக்கத்தில் காப்பிக் கொட்டை முழுதாகக் காயும் முன்பே அதன் உள்தோலை நீக்கிவிடுவார்கள். 'கிலிங் பாசா' என்று பெயர். சீக்கிரம் விற்றுக் காசு பார்க்கலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். கூட்டுறவின் பெட்டி காலியாக இருக்கும் நாளில், ரொக்கத்தோடு நிற்கும் வியாபாரியிடம் உறுப்பினரே போய்விடுவார். நியாய வணிக முத்திரை பெற்ற காப்பியில், கூட்டுறவு கேட்டால் ஒப்பந்த மதிப்பில் 60 சதவீதம் வரை முன்பணம் கிடைக்க வாங்குபவர் வழிசெய்ய வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இதனால்தான்.

"சரி, திருப்பித் தராவிட்டால்?" என்று கேட்டேன். அண்ணன் தன் அப்பாவின் கதையைச் சொன்னார். அவர் அரசாங்க ஊழியர், சிக்கனக் கடன் சங்க உறுப்பினர். 1925இல் இங்கே தொடங்கிய முதல் கூட்டுறவே அரசு ஊழியர்களுடையதுதானாம். கடன் தவணையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், வீட்டுக்கு வந்து யாரும் கேட்க வேண்டியதில்லை. இந்தக் காப்பிக் கூட்டுறவும் அப்படித்தான்: வாங்குபவர் கட்டும் பணத்தில் முதலில் நம் கடன் கழியும், மிச்சம் அவர்களுக்கு. உறுப்பினர்களிடமும் கிலோவுக்குச் சிறு தொகை பிடித்து, பங்குத்தொகையில் சேர்க்கிறார்கள்.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமத்துக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அப்பா உறுப்பினர். தமிழ்நாட்டில் இந்தச் சங்கங்கள் 1904 முதல் இருக்கின்றன. பங்குத்தொகை, உறுப்பினர் வைப்புத்தொகை, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி வழியாக வரும் பணம், இவற்றை வைத்துத்தான் பயிர்க்கடன். ஆனால் எங்கள் ஊரில் கடன் கொடுப்பது சங்கம், நெல் போவதோ கொள்முதல் நிலையத்துக்கு. விளைச்சல் சங்கத்தின் கையைக் கடப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, அங்கே நகைக்கடன் இல்லாமல் கதை ஓடாது. அம்மாவின் சங்கிலி ஆடியில் சங்கத்துப் பெட்டிக்குப் போகும், தை கழிந்துதான் கழுத்துக்கு வரும். பால் சங்கத்தில் பாலே சங்கத்துக்கு வந்துவிடுவதால், தீவனக் கடனைப் பால் பணத்தில் கழித்துவிடுவார்கள். யாரும் தோடு கழற்ற வேண்டியதில்லை.

அந்தக் கோப்பு ஒப்புதலானது, கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாக. அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். நம்பவே இல்லை.

"நகை எதுவும் வாங்காமயா குடுத்தீங்க?"