ஐலாவில் மூன்று தொட்டிகள், ஐந்து கிலோமீட்டர் நடை

ஸ்காட்லாந்தில் விஸ்கி டூர் என்று போனால், வழிகாட்டி மரத்தொட்டியைத் தட்டிக்காட்டி "எங்க ருசியே இந்த மரத்துல இருந்துதான்" என்று ஆரம்பித்துவிடுவார். எரிச்சல்தான் வருகிறது. பாதிதான் உண்மை.

நொதிக்கும் தொட்டியை அங்கே வாஷ்பேக் என்பார்கள். ஐலா தீவின் தென்கரையில் போர்ட் எலனிலிருந்து ஆர்ட்பெக் வரை நடைபாதை உண்டு, சுமார் 5 கிலோமீட்டர். வழியில் மூன்று விஸ்கி ஆலைகள். முதலில் லஃப்ராய்க்: எவர்சில்வர் தொட்டி. அடுத்து லகவூலின்: லார்ச் மரம். கடைசியில் ஆர்ட்பெக்: ஆரிகன் பைன் மரம். ஒரே நடையில் மூன்று வகையும் பார்த்துவிடலாம். டாக்ஸிக்காரர் கேட்கும் காசுக்கு இன்னொரு டூரே போய்விடலாம், நடங்கள்.

மூடியைத் திறந்தால் நுரை பொங்கிக்கொண்டிருக்கும். உள்ளே சுழலும் பிளேடு நுரையை வெட்டிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் வழிந்து தரைக்கு வந்துவிடும். மூக்கை உள்ளே விடாதீர்கள். கார்பன் டை ஆக்ஸைடு ஊசி குத்துவதுபோல் ஏறும். ஆழமாக இழுத்தால் மயக்கமே வரும்.

விஷயம் இதுதான். மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியிலிருந்து, வடித்த இனிப்புச் சாறை 20 டிகிரிக்குக் கீழே ஆற்றி ஈஸ்ட் சேர்ப்பார்கள். சூடு தானாக 33, 34 வரை ஏறும். அதைத் தாண்டினால் ஈஸ்ட் திணறும், சர்க்கரை பாக்கி நிற்கும். மரம் சூட்டை வெளியே விடாது. அதனால் வெயில் காலத்தில் இன்னும் குளிராக ஆற்றித்தான் ஊற்ற வேண்டும். 48 மணி நேரத்தில் சர்க்கரை ஏறக்குறைய தீர்ந்து, 8 சதவீத ஆல்கஹால் கையில் இருக்கும். கணக்குப்பிள்ளைக்கு அது போதும். ருசிக்குப் போதாது.

ஈஸ்ட் ஓய்ந்த பிறகுதான் லாக்டிக் பாக்டீரியா எழும்பும். நம் தயிரையும் இட்லி மாவையும் புளிக்கவைக்கும் அதே இனம். புளிப்பு ஏற ஏற, பழ வாசனை தரும் எஸ்டர்களும் கூடும். எவர்சில்வரைக் காஸ்டிக் போட்டுக் கழுவினால் அந்தப் பாக்டீரியா எல்லாம் போய்விடும். மரத்தை நீராவியில் வேகவைத்தாலும் துளைகளுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். தயிர்ச்சட்டி மாதிரி, கழுவிய சட்டியிலும் உறை இருக்கும். மரத்தின் பங்கு இவ்வளவுதான். பலகையின் வாசனை எதுவும் விஸ்கியில் இறங்குவதில்லை. ஆனால் பாக்டீரியா ஈஸ்ட்டை முந்திக்கொண்டால் சர்க்கரையை அதுவே தின்றுவிடும், ஆல்கஹால் குறையும்.

ஆக, தொட்டியைவிடக் கடிகாரம் முக்கியம். லகவூலினில் சுமார் 55 மணி நேரம். லார்ச்சில் குடியிருக்கும் பாக்டீரியா சோம்பல் முறிப்பதற்குள் சரக்கு காய்ச்சி வடிக்கும் ஸ்டில்லுக்குப் போய்விடுகிறது. போதாததற்கு, மால்ட்டைக் காயவைக்கும்போது ஏறிய பீட் (கரிமண்) புகை வாசனை வேறு பழ வாசனையை மூடிவிடும். ஐலாவுக்கு வெளியே இருக்கும் கிளென்மோரஞ்சி ஆலையில் எல்லாம் எவர்சில்வர்தான். ஆனால் பழ வாசனைக்குப் பேர்போன சரக்கு. அங்கே ஸ்டில்லின் உயரமும் கைகொடுக்கிறது.

மரத்தின் வேலையை நிஜமாகவே பார்க்க கேம்பல்டவுன் ஊரில் ஸ்பிரிங்பேங்க் ஆலைக்குப் போங்கள். லார்ச் தொட்டி, 100 மணி நேரத்தையும் தாண்டும் நொதிப்பு. கிளாஸ்கோவிலிருந்து, ஐலாவுக்குப் படகு கிளம்பும் கென்னக்ரெய்க் துறைக்குப் போகும் அதே பஸ்தான் அங்கேயும் போகிறது. காசு கட்டுக்குள் இருக்க வேண்டுமென்றால் ஐலாவை விட்டுவிட்டு இதைப் பிடியுங்கள்.

மரத்தொட்டிக்குச் செல்லம் அதிகம். ஆண்டுப் பராமரிப்புக்கு ஆலையை மூடும் வாரங்களில் தண்ணீர் நிரப்பியே வைக்க வேண்டும். காய்ந்தால் பலகை சுருங்கி, இடுக்கில் ஒழுகும். பலகையில் கணு இருந்தாலும் அதே கதி. ஆரிகன் பைனை விரும்புவதே கணு குறைவு, நார் நேர் என்பதால்தான்.

செலவுக் கணக்கு எழுதுவதாக இருந்தேன், தொட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. சுருக்கமாக: படகில் கார் ஏற்றாதீர்கள், ஆளுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் மலிவு. காற்று பலமாக அடித்தால் படகே ரத்தாகும், கையில் ஒரு நாள் உபரியாக வையுங்கள். டூரை முன்கூட்டியே பதியுங்கள். ஞாயிற்றுக்கிழமை தீவு பஸ்ஸை நம்பாதீர்கள். டூரில் "வாஷ் ஒரு வாய் கிடைக்குமா" என்று கேளுங்கள். வடிக்காத அந்தப் புளிச்ச பீரைச் சில இடங்களில் கேட்டால்தான் ஊற்றுவார்கள்.