மோரீசுக்குப் போன சின்னத்தாத்தா

என் தாத்தாவுக்கு ஒரு சின்னத்தாத்தா இருந்தார். அவரைப் பற்றி வீட்டில் வழிவழியாக வந்தது ஒரே வரிதான்: "மோரீசுக்குப் போனவர்." எந்த வருஷம், எந்தக் கப்பல், போய் என்ன ஆனார் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. மொரீசியஸ் போக வாய்ப்பு வந்ததும், பத்து நாள் பயணத்தில் இரண்டு நாளை இவருக்கென்று எடுத்து வைத்தேன். இரண்டு நாள் தாராளம் என்று நினைத்தேன், பாருங்கள்.

முதல் நாள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தை ஒட்டிய ஆப்ரவாசி காட். 1834இல் தொடங்கி நாலரை லட்சம் பேருக்கு மேல் கரும்புத் தோட்ட வேலைக்காக ஒப்பந்தத்தில் இந்தத் தீவுக்கு வந்தார்கள். 1849இல் கட்டப்பட்ட இந்தக் குடியேற்றக் கிடங்கு வழியாகத்தான் அவர்களில் பெரும்பாலோர் உள்ளே போனார்கள். 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் என்றாலும் சிறியதுதான். அரை மணியில் சுற்றிவிடலாம். கல் படிகளில் ஏறும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக ஏறினேன்.

மறுநாள் காலை மோக்கா என்ற ஊர். குடியேறியவர்களின் பழைய பதிவேடுகள் அங்கே மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதன்கீழே பெயர், அப்பா பெயர், வயது, உயரம், சாதி, உடம்பில் உள்ள தழும்பு, ஜில்லா, ஊர், கப்பல் எல்லாம் எழுதியிருப்பார்கள். சிலருக்குப் புகைப்படமும் உண்டு. அந்த எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. என்னிடம் இருந்ததோ பெயர் மட்டும். அதுவும் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர்.

"குடும்பப் பெயர் என்ன?" என்றார் அங்கிருந்தவர். அப்போதுதான் சிக்கல் உறைத்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்துதானே இனிஷியல். ஆனால் இங்கே, வந்தவரின் பெயரே அவர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகி, அப்படியே உறைந்துவிட்டது. வீரப்பன் 'வீராபென்' ஆனார், கோவிந்தன் 'கோவின்டென்' ஆனார், முருகன் 'மூர்கென்' ஆனார். கூடப் பிறந்த அண்ணன் தம்பிகள் வந்து இறங்கியிருந்தால்கூட, ஒரே தலைமுறையில் இரண்டு வேறு குடும்பப் பெயர்கள். தொலைபேசிப் பட்டியலில் நம் பெயர் மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு "அட, சொந்தக்காரர்!" என்று குதிப்பதில் அர்த்தமே இல்லை. நான் குதித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அந்தச் சின்னத்தாத்தாவின் பெயரில் பலர் இருந்தார்கள். அவருடைய அப்பா பெயரும் தெரிந்திருந்தால் பிரித்திருக்கலாம். கிளம்பும் முன் பெரியப்பாவிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சரி, வந்ததற்குக் கோயிலாவது பார்ப்போம் என்று சாயங்காலம் ஒரு கோவிலுக்குப் போனேன். அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறார்கள். ஆனால் கோயில் வாசலில் காதில் விழுவதெல்லாம் பிரெஞ்சிலிருந்து பிறந்த அந்த ஊர்ப் பேச்சு மொழியான கிரியோல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியும் அப்படித்தான். "வணக்கம்" மட்டும் தமிழில் வந்தது. நான் எதற்கு வந்தேன் என்று அவருடைய பேத்தியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். பேத்தி சொல்லச் சொல்லப் பாட்டி தன் கைப்பையைத் திறந்தார். உள்ளே நாலாக மடித்த ஒரு காகிதம். அவருடைய முப்பாட்டனாரின் பதிவு நகல்.

"தோந்தோன், நாங்கள் ஸ்ரீலங்காவிலிருந்து வந்தவர்கள்" என்றாள் பேத்தி. அங்கே மாமா, சித்தப்பா எல்லோருமே தோந்தோன்தான்.

காகிதத்தைப் பார்த்தேன். தாலுகா என்ற இடத்தில் 'டிரினோமலி'. அதைத்தான் அவர்கள் 'டிரிங்கோமலி' என்று, அதாவது திருகோணமலை என்று, இத்தனை வருஷமாக வாசித்திருக்கிறார்கள். திருகோணமலைக்கு ஒரு முறை போய் விசாரித்துவிட்டும் வந்தார்களாம்! ஆனால் மேல் வரியில் ஜில்லா 'சவுத் ஆர்க்காட்' என்று இருந்தது. அப்படி ஒரு மாவட்டம் இன்றைய வரைபடத்தில் இல்லாததால் அதை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

வெள்ளைக்காரர்கள் திருவண்ணாமலையைத்தான் 'டிரினோமலி' என்று எழுதினார்கள். எனக்கே ஒரு சந்தேகம்: திருவண்ணாமலை வட ஆற்காட்டில் அல்லவா இருந்தது? போனில் தேடிப் பார்த்தேன். 1911 வரை அது தென்னாற்காட்டோடுதான் இருந்திருக்கிறது. கிராமத்தின் பெயரை மட்டும் எத்தனை விதமாக உச்சரித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி கிறுக்கியிருக்கிறார்.

பாட்டி ஊர்ப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "அங்கே மலை இருக்கிறதா என்று கேட்கிறார்" என்றாள் பேத்தி. இருக்கிறது என்றேன்.

பேத்தி பேனாவை எடுத்துக் காகிதத்தின் பின்பக்கம், பள்ளியில் படித்த தமிழில், ஊர்ப் பெயரை எழுதிக் காட்டினாள். திருவன்னாமலை. பேனாவை வாங்கி, இரண்டு சுழியை மூன்று சுழியாக்கிக் கொடுத்தேன்.