தெரிவுக் குழுவின் பக்கத்திலிருந்து

முனைவர் பட்டம் முடிக்கப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை கட்டுரைகள் இருந்தால் வேலை கிடைக்கும் என்பதைத்தான். பல்கலைக்கழகத் தெரிவுக் குழுக்களில் உட்காரத் தொடங்கிய பிறகு எனக்கு அந்தக் கேள்வியில் ஆர்வம் குறைந்துவிட்டது. நேர்முகம் வரை வருகிற எல்லோரிடமும் நல்ல கட்டுரைகள் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் வாதிடுவது வேறொன்றைப் பற்றி: ஆய்வு நெறியாளரின் நிழலை விட்டு வந்தால் இவர் என்ன செய்வார்?

முதுமுனைவர் பணிக்கு, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணிக்கு, இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. அது பெரும்பாலும் இன்னொருவர் பெற்ற நிதியில் அவருடைய திட்டத்தைச் செய்து தரும் வேலை. பல இடங்கள் விளம்பரம் வருவதற்கு முன்பே பேச்சளவில் முடிந்துவிடும். ஆகவே ஆய்வேடு முடியுமுன்பே அந்தத் திட்டத்தை நடத்துபவருக்குக் கடிதம் எழுதத் தொடங்க வேண்டும். அவருடைய அண்மைக் கட்டுரையைப் படித்து, அதில் விடைகாணாமல் நிற்கும் ஒன்றைக் குறிப்பிடும் நான்கு வரிகள் போதும். ஊருக்கெல்லாம் அனுப்பும் பொதுக் கடிதத்தை நான் இரண்டாம் வரியிலேயே மூடிவிடுவேன்.

ஆசிரியப் பணிக்கான ஆய்வுத் திட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். முடித்த வேலையை மூன்று பக்கம் விவரித்துவிட்டு, எதிர்காலத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குகிறார்கள். அமெரிக்க உயிரியல் துறைகள் பலவற்றில் 'சாக் டாக்' என்று ஒன்று உண்டு. கணினிப் படங்கள் கிடையாது. வெறும் பலகை முன் நின்று, அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தைக் குறுக்குக் கேள்விகளுக்கு நடுவே வரைந்து காட்ட வேண்டும். முதல் மாணவருக்கு என்ன வேலை கொடுப்பீர்கள், அந்தச் சோதனை தோற்றால் அவர் எதைச் செய்வார் என்று கேட்போம். இதற்குத் தயங்காமல் பதில் சொல்பவரைக் குழு எளிதில் மறப்பதில்லை.

பரிந்துரைக் கடிதங்கள் நெறியாளர்களிடமிருந்து நேராக எங்களுக்கு வருகின்றன. விண்ணப்பித்தவர் அவற்றைப் பார்ப்பதில்லை. இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதல்ல. கடிதம் எழுதுபவரின் புகழ் இளைஞரின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. எப்படியும், உங்களோடு வேலை செய்யாத ஒருவர் எழுதும் கடிதத்துக்குத் தனி எடை உண்டு. மாநாடுகளில் பழகுவதன் பயன் அங்கே தெரியும்.

காலக் கணக்கு இன்னொரு தொல்லை. இளம் ஆய்வாளர்கள் சொந்த ஆய்வுக் குழு அமைக்க நிதி தரும் ஜெர்மனியின் எம்மி நோத்தர் திட்டம் பொதுவாக முனைவர் பட்டம் பெற்ற நான்கு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிப்பவர்களுக்கானது. குழந்தை வளர்ப்புக்குச் சலுகை உண்டு. 'இன்னும் ஒரு கட்டுரை வரட்டும்' என்று காத்திருப்பவர்களைத்தான் இத்தகைய வரம்புகள் முதலில் கழித்துவிடும்.

வேலை உறுதியானதும் உடனே சம்மதிக்கச் சொல்லி அழுத்துவார்கள். வானியலில், முதுமுனைவர் பணிக்கான பதிலைப் பிப்ரவரி 15-க்கு முன் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க வானியல் சங்கம் ஒரு மரபு வகுத்திருக்கிறது. மற்ற துறைகளில் அவகாசத்தை நீங்களே கேட்டு வாங்க வேண்டும். ஆய்வகத் தொடக்க நிதி, கருவிகள், முதல் ஆண்டு வகுப்புச் சுமை எல்லாவற்றையும் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் பெறுங்கள். அந்தப் பட்டியலைக் கேட்டதற்காக யாரையும் நாங்கள் நிராகரித்ததில்லை.