சாப்பாடு வந்து சேராத படை

எங்கள் கல்லூரி நூலகத்தின் கடைசி அலுமாரி எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. மிஷன் காலத்து ஆங்கிலச் சஞ்சிகைகளை ஆண்டுவாரியாகக் கட்டி அடுக்கியிருப்பார்கள், தொட்டால் தும்மல்தான். உயர்தர வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த சேர் அதிலிருந்து ஒரு தொகுதியைத் தூக்கி வந்து, பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கதையை வாசித்துக் காட்டினார். 1871ஆம் ஆண்டு மே மாதம் ‘பிளாக்வுட்ஸ்’ சஞ்சிகையில் வந்த ‘டோர்க்கிங் சமர்’. பிக் மட்ச் பற்றியும் ஸ்போர்ட்ஸ் மீற் பற்றியும் இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் இதை எழுதுகிறேன்.

கதை சொல்பவர் ஒரு கிழவர். ஐம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்து எப்படித் தோற்றது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார். அந்த நேரம் அவர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு தொண்டர் படையிலும் இருந்த இளைஞர். நாட்டின் படையெல்லாம் இந்தியாவிலும் கனடாவிலும் அயர்லாந்திலும் பிரிந்து கிடக்கிறது. போர்க்கப்பல்கள் உலகம் முழுக்கச் சிதறி நிற்கின்றன. அருகில் இருந்த கப்பல்களையும் எதிரி புதுவிதமான நாசக் கருவிகளால் முடித்துவிட்டு, தென்கரையில் வேர்த்திங்கில் வந்து இறங்குகிறான். எதிரி எந்த நாட்டான் என்று ஆசிரியர் நேரடியாகச் சொல்வதில்லை. ஆனால் அவன் பேசுவது ஜேர்மன் மொழி. அவனுக்கும் லண்டனுக்கும் நடுவில் இருப்பது சரே மாவட்டத்து டோர்க்கிங் பட்டணத்துக்கு மேலே உள்ள சுண்ணாம்பு மலைத்தொடர் ஒன்றுதான்.

சண்டை எப்போது வரும் என்று வகுப்பே காத்திருந்தது. கதையோ இழுத்துக்கொண்டே போனது. தொண்டர்களை ரயிலில் ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள், ஒரு பக்கம் நடக்கச் சொல்கிறார்கள், பிறகு வந்த வழியே திரும்பச் சொல்கிறார்கள். பின்வாங்கில் இருந்த ஒருவன் பொறுக்க முடியாமல், “சேர், ஜேர்மன்காரன் எப்ப வருவான்?” என்று கேட்டே விட்டான். சேர் புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு சொன்னார்: “தம்பியவை, ஜேர்மன்காரனைத் தேடாதேங்கோ. இந்தப் பெடியள் கடைசியா எப்ப சாப்பிட்டவங்கள் எண்டு பாருங்கோ.”

அதற்குப் பிறகு நாங்கள் அதைத்தான் பார்த்தோம். உடுப்பு இருக்கிறது, துவக்கு இருக்கிறது, தைரியத்துக்கும் குறைவில்லை. பாண் இல்லை. அதைக் கொண்டுவர வண்டி இல்லை, வண்டியை அனுப்ப ஆள் இல்லை. எதிரியை நாங்கள் பக்கத்தில் காண்பதற்கு முன்னமே இந்தப் படை பாதி தோற்றுவிட்டது. மலைத்தொடர் கைவிட்டுப் போக, மிஞ்சியவர்கள் லண்டனை நோக்கி சேர்பிற்றன், கிங்ஸ்ரன் பக்கம் பின்வாங்குகிறார்கள். காயப்பட்ட நண்பனை அவன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனால், அங்கே அவனுடைய சின்ன மகன் குண்டுச் சிதறல் பட்டுச் செத்துக் கிடக்கிறான். அப்புறம் அதே வீட்டுக்குள் ஜேர்மன் சிப்பாய்கள் நுழைந்து, சாப்பிட்டுக் குடித்துக்கொண்டு தொண்டர் படையைக் கேலி செய்கிறார்கள். கதை முழுக்கப் பசியோடு நடந்தவர்களுக்கு முன்னால் சாப்பிடுகிறவன் எதிரி. அந்த இடத்தில் சேர் வாசிப்பதை நிறுத்தினார். ஒன்றும் விளக்கவில்லை.

எங்கள் ஊரில் பிறகு நடந்தவற்றோடு இதை ஒப்பிடலாமே என்று சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. இது கற்பனை யுத்தம்.

எழுதியவர் பெயர் சஞ்சிகையில் இல்லை. பிறகுதான் ஜோர்ஜ் செஸ்னி என்று வெளியே வந்தது. வங்காளப் பொறியியல் படை அதிகாரி. 1857இல் டெல்லி முற்றுகையில் பலத்த காயம் பட்டவர். இந்தியப் பொதுவேலைத் திணைக்களத்துக்குப் பொறியியலாளர்களைப் பயிற்ற சரே மாவட்டத்தில் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியைத் தொடங்கிய முதல் தலைவரும் அவரே. பாலம், பாதை, வண்டி, தீனி என்று கணக்குப் பார்த்தே பழகிய மூளை. கதை வருவதற்கு முந்தின செப்ரெம்பரில்தான், 1870இல், செடான் சண்டையில் பிரெஞ்சுப் பேரரசன் தன் படையோடு பிரஷ்யர்களிடம் பிடிபட்டிருந்தான். அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் கதை வந்தது. சஞ்சிகை திரும்பத் திரும்ப அச்சாக, ஆறு பென்ஸ் விலையில் தனிப் பிரசுரமாகவும் பறந்தது. பிரதமர் கிளாட்ஸ்ரன் 1871 செப்ரெம்பரில் விற்பி நகரில் பேசும்போது, இப்படி வீண் பயம் கிளப்பினால் உலகம் எங்களைப் பார்த்துச் சிரிக்கும், உங்கள் காசும்தான் செலவாகும் என்று எரிச்சல்பட்டார். ஒரு பிரதமரைக் கூட்டத்தில் பதில் சொல்ல வைத்த சிறுகதை வேறு எனக்குத் தெரியாது.

அதன் பிறகு படையெடுப்புக் கதைகள் வரிசையாக வந்தன. பெரும்பாலும் செஸ்னியின் பயத்தை எடுத்துக்கொண்டார்கள், பாணை விட்டுவிட்டார்கள். வில்லியம் லெ கியூவின் ‘1910 படையெடுப்பு’ 1906இல் டெய்லி மெயிலில் தொடராக வந்தது. எதிரி எந்த வழியால் வருவான் என்று அவர் முதலில் போட்ட திட்டம் இராணுவ ரீதியில் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அது சின்னச் சின்னக் கிராமங்களுக்கூடாகப் போனது. அங்கே பேப்பர் எத்தனை விற்கும்? ஆகவே பத்திரிகை முதலாளி பாதையை மாற்றி, பெரிய பட்டணங்கள் வழியாக எதிரியை வரவழைத்தார். லண்டன் தெருக்களில் பிரஷ்யச் சிப்பாய் உடுப்புப் போட்ட ஆட்கள் விளம்பரப் பலகை சுமந்து நடந்தார்கள். நான் அந்த நூலைக் கையில் எடுத்து, பாதியில் வைத்துவிட்டேன். 1909இல் நகைச்சுவை எழுத்தாளர் வூட்ஹவுஸ் இந்த வகையையே கிண்டலடித்து எழுதியது எவ்வளவோ மேல்: ஒன்பது படைகள் ஒரே நேரத்தில் இங்கிலாந்தில் இறங்குகின்றன, சனங்களோ கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார்கள், கடைசியில் ஒரு சாரணப் பொடியன் நாட்டைக் காப்பாற்றுகிறான். எச். ஜி. வெல்ஸ் தன் ‘உலகங்களின் போர்’ நாவலில் எழுதிய செவ்வாய்க் கிரகவாசிகள்கூட முதலில் விழுவது இதே சரேயில், வோக்கிங் பக்கத்தில்தான்.

நான் இப்போது இருப்பது சேர்பிற்றனுக்கு அடுத்த ஊர். அந்த மலைத்தொடரில் உள்ள பொக்ஸ் ஹில்லுக்குக் காரில் போக அதிக நேரம் எடுக்காது. மேலே நின்றால் டோர்க்கிங் பட்டணமும், மலையை வெட்டிக்கொண்டு வடக்கே போகும் மோல் ஆறும், இந்த இடத்தைச் செஸ்னி ஏன் தெரிந்தெடுத்தார் என்பதும் ஒரே பார்வையில் தெரியும். கொஞ்சம் உள்ளே நடந்தால் ஒரு பழைய கோட்டை வரும். 1890களில் லண்டனைக் காக்க, பெரும்பாலும் இந்த மலைத்தொடர் நெடுகக் கட்டிய 13 நிலையங்களில் ஒன்று அது. கோட்டை என்று பெயரே தவிர, பெரிய பீரங்கிகள் நிறுத்தக் கட்டியதல்ல. படை திரளும்போது தொண்டர்கள் வந்து எடுத்துக்கொள்ள, பதுங்குகுழி வெட்டும் மண்வெட்டி, பிக்காசும் தோட்டாவும் பூட்டி வைக்கும் களஞ்சியம். கதை வந்து இருபது வருடம் கழித்து, சாமான் முன்கூட்டியே மலைக்கு வந்து சேர்ந்துவிட்டது! பிறகு கடற்படையே போதும் என்று முடிவெடுத்து, 1906 வாக்கில் அந்தத் திட்டத்தையும் கைவிட்டார்கள். இப்போது உள்ளே வௌவால்கள்தான் குடியிருப்பு.

வரும் கோடையில் சங்க நடைப்பயணத்தை அங்கே வைக்கலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் சம்மதம். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலுக்கு யார் பொறுப்பு என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.